மெஷினக்காவும் ஆறு மணி ஜெபமும்

மெஷினக்காவுக்கு ரகசியம் பேச வராது. மனசில் கள்ளம் இருந்தால்தானே வரும் என்று அவளுக்கு வேண்டியவர்கள் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை, தொண்டைதான் காரணம். இருபத்தாறு வருஷமாக மாவு மில்லில் நின்று, ஓடுகிற மெஷினுக்கு மேலே குரலை ஏற்றி ஏற்றி, இப்போது மெஷினை நிறுத்தினாலும் குரல் நிற்பதில்லை. "உனக்கு மட்டும் சொல்றேன், வெளிய விட்டுடாதே" என்று அவள் ஆரம்பித்தால், தெருமுனையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பவர் தலையைத் தூக்கி, "சரிக்கா, விடல" என்பார்.

மில் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரே அறை. நடுவில் மெஷின், மூலையில் மோட்டார், இரண்டுக்கும் இடையே பட்டையான பெல்ட். மேலே இருக்கும் தகரத் தொட்டியில் தானியத்தைக் கொட்டினால் இரண்டு கல்லுக்கும் நடுவே இறங்கி, கீழே தொங்கும் துணிக் குழாய் வழியாக மாவாக வந்து விழும். சூடாக, சந்தனம் மாதிரி வழுவழுவென்று. அறையில் வெள்ளை படியாத இடம் கிடையாது. ஒட்டடை வெள்ளை, சுவிட்சு வெள்ளை, மெஷினக்காவின் புருவமும் வெள்ளை. அவள் வீட்டுக்காரருக்குப் பக்கத்து டவுனில் பஸ் டிப்போவில் வேலை. மில்லைவிட டிப்போ அமைதியாக இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைகூட டூட்டி கேட்டு வாங்கிக்கொள்வார்.

மெஷின் ஓடினால் ஊரில் எந்த வீட்டிலும் கேட்கும். ஊரில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் மில்லில் கேட்கும். டப்பாக்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் சும்மாவா இருப்பார்கள்?

இப்படி ஊர் முழுக்கப் பேசுகிறவள் ஒரே ஒருத்தியோடு மட்டும் பேசுவதில்லை. கூடப் பிறந்த தங்கை. வேறு ஊரிலா இருக்கிறாள்? இல்லை. இதே ஊரில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறாள். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. அக்கா பஸ்ஸுக்குப் போனால் தையல் கடை இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாக நடப்பாள். தங்கை கோதுமையை நேரில் கொண்டுவர மாட்டாள், அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்புவாள். ஆனால் அந்த நீல மூடி டப்பா யாருடையது என்று மெஷினக்காவுக்குத் தெரியாதா? அன்றைக்குக் கல்லைத் துடைத்து, முதல் இரண்டு கை மாவைத் தள்ளிவிட்டு, பிள்ளைக்குப் பவுடர் போடுகிற பதத்தில் அரைத்து அனுப்புவாள். மெஷினக்காவின் ரவிக்கைத் துணியும் அதே பெண் கையில் தையல் கடைக்குப் போகும். அளவு ரவிக்கை வைத்து அனுப்புவதில்லை. வருஷா வருஷம் அக்காவுக்குக் கை எவ்வளவு பருத்திருக்கும் என்று எதிர்ச்சாரியில் போகிறவளைக் கண்ணாலேயே அளந்து தங்கை தைத்து விடுவாள். கச்சிதமாக இருக்கும். இத்தனைக்கும் பேச்சு கிடையாது! இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா என்று ஊரில் எல்லாரும் கேட்பார்கள், அவர்கள் இரண்டு பேரைத் தவிர.

இந்த ஊருக்குத்தான் போதகர் குடும்பம் வந்து இறங்கியது.

மில்லுக்கு எதிரே பழைய விதைக் கிடங்கு ஒன்று பூட்டிக் கிடந்தது. மிஷன்காரர்கள் அதை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் சின்ன லாரி ஒன்று வந்து நின்றது. மெஷினக்கா ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாமானைக் கணக்கெடுத்தாள். இரண்டு இரும்புக் கட்டில். ஒரு தையல் மெஷின். ஆர்மோனியம். பாத்திரம் கொஞ்சம்தான். புத்தகம், அப்பப்பா, பதினோரு பெட்டி! கடைசியாக, கல்யாண வீட்டு மரத்தில் கட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு குழாய் ஸ்பீக்கர்.

"இது எதுக்குங்க?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

லாரியிலிருந்து குதித்த ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கும்பிட்டார். "நல்ல செய்தி சொல்றதுக்குங்கம்மா."

"எங்க ஊர்ல அதுக்கு மில்லு இருக்கே" என்றாள் மெஷினக்கா. லாரியின் பின்னால் எட்டு வயதுப் பெண்ணோடு நின்றிருந்த போதகரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்தப் பொம்பளை தேறுவாள் என்று மெஷினக்கா அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

ஆனால் ஆரம்பமே அலங்கோலம். மில்லில் ஒரு முறை உண்டு. மிளகாய் அரைத்த பிறகு யாராவது மாட்டுத் தீவனத்துக்கு மக்காச்சோளம் கொண்டுவரும் வரைக்கும் வேறு எதுவும் போடக்கூடாது. அந்தச் சோளம் இறங்கினால்தான் கல்லில் இருக்கிற காரம் போகும். ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட இது தெரியும். போதகரம்மாவுக்கு யார் சொன்னது? மிளகாய் இறங்கி முடிந்து, மெஷினக்கா தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போன நேரத்தில் வந்தார். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் கொள்கை. எடுத்துக் கொட்டச் சொல்லி ஆளைத் தேடுவானேன் என்று தானே கோதுமையைத் தொட்டியில் கொட்டி, மாவைப் பிடித்துக்கொண்டு, காசையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து அந்தச் சின்னப் பெண் மில்லுக்கு வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. "எங்க வீட்ல சாப்பிடும்போது எல்லாரும் அழுவோம் ஆன்ட்டி" என்றது. மெஷினக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ பாவம், என்ன கஷ்டமோ என்று எதிர்வீட்டுக்கு ஓடினாள். போய்ப் பார்த்தால் தட்டில் சிவப்பு நிறத்தில் ரொட்டி. போதகர் ஒரு வாய் வைக்கிறார், மூக்கை உறிஞ்சுகிறார், கண்ணைத் துடைக்கிறார், மறுபடி ஒரு வாய் வைக்கிறார்.

"அடக் கடவுளே! இதையா ஒரு வாரமா சாப்பிடுறீங்க? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"இந்த ஊர் கோதுமை இப்படித்தான் போலன்னு நினைச்சோம்மா" என்றார் போதகர், பணிவாக.

மெஷினக்கா அந்த மாவைப் பிடுங்கிக்கொண்டு போய், தன் வீட்டு மாவைக் கொண்டுவந்து வைத்தாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே தெரு என்று ஒன்று இருப்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள்.

போதகர் நல்லவர். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. வந்த சிக்கல் எல்லாம் அந்த நல்ல மனசால் வந்ததுதான். கையில் ஒரு பச்சை அட்டை நோட்டு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கோவில் மாற்று, சாமி மாற்று என்று ஒரு பேச்சு இல்லை. "உங்களுக்கு என்ன கஷ்டம்? சொல்லுங்க, ஜெபிக்கிறேன்" என்பார், அவ்வளவுதான். நம்மிடம் இப்படி யார் உட்கார்ந்து கேட்டார்கள்? ஊர் மனசைத் திறந்து கொட்டியது. அவர் எழுதிக்கொண்டார்.

அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர், பொத்தாம்பொதுவாக ஜெபிப்பது விலாசம் எழுதாமல் கடிதம் போடுவது போல என்று சொல்லியிருந்தாராம். ஆகவே நம் போதகர் விலாசத்தோடு ஜெபித்தார். காலை ஆறு மணிக்கு. குழாய் ஸ்பீக்கரில்.

முதல் நாள் ஒரு பாட்டு, ஆர்மோனியத்தோடு. நன்றாகத்தான் பாடினார்கள். பிறகு போதகரின் குரல் ஊர் முழுக்க மிதந்தது. "ஆண்டவரே, எங்களுக்கு எதிரே மாவு மில் நடத்தும் அருமைச் சகோதரியை நினைத்தருளும். அவருடைய இடது முழங்காலைத் தொட்டருளும். மாடிப்படி ஏறும்போது கடக் கடக் என்று வருகிற அந்தச் சத்தத்தை நீக்கிப்போடும்."

மெஷினக்கா பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவமானமா? அதெல்லாம் இல்லை, தலைகால் புரியவில்லை அவளுக்கு! அன்றைக்கு மில்லுக்கு வந்த ஒவ்வொருத்தரும் முட்டி எப்படியிருக்கிறது என்று விசாரித்தார்கள். ஒருவர் எண்ணெய் கொண்டுவந்தார். இன்னொருவர் தன் முட்டியைக் காட்டினார்.

இரண்டாம் நாள் தபால்காரர் முறை.

"மிதிவண்டியில் வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோகும் எங்கள் சகோதரருக்காக மன்றாடுகிறோம். மிதிவண்டியில் அமரவே முடியாதபடி அவரை வாட்டுகிற அந்த மூல வியாதியை..."

தபால்காரர் நான்கு நாள் லீவு போட்டார். ஐந்தாம் நாள் தெருவில் நடந்து வந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. "ஏன் தள்ளிட்டு வர்றீங்க?" என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! எல்லாரும் பெரிய மனது பண்ணித் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுதான் அவருக்கு இன்னும் கேவலமாகப் போனது. பிறகு பஞ்சர் கடைக்காரருக்குப் பாம்பென்றால் பயம், தூக்கத்தில் அம்மா என்று கத்துவார் என்பது வெளியே வந்தது. பள்ளிக்கூட டீச்சர் தலைக்குச் சாயம் அடிப்பதும், அது ஒத்துக்கொள்ளாமல் அரிப்பதும் வந்தது. ஒவ்வொருவர் மானமும் விடியற்காலையில் கப்பலேறியது.

நான்கைந்து பேர் கொதித்துப்போய் எதிர்வீட்டுக்குப் போனார்கள். மெஷினக்காதான் முன்னால் நின்றாள். போதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் யார் பேரையும் சொல்லலையேங்க" என்றார்.

"ஐயா, இந்த ஊர்ல தபால்காரர் எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

"மில்லு?"

"ஒண்ணு."

"டீச்சர்?"

போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் ஈயாடவில்லை. டவுன்காரர் ஐயா அவர், தெருவுக்கு நாலு டீச்சர் இருக்கிற இடத்தில் வளர்ந்தவர். இரண்டு நாள் ஸ்பீக்கர் பேசவில்லை. நாலு வீட்டுக்கும் நடந்து போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். நோட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியும்விட்டார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. முடிய விடாதவள் தச்சர் பெண்டாட்டி. மூன்றாம் நாள் அவள் போதகர் வீட்டுக்குப் போய், "எனக்காக ஸ்பீக்கர்ல ஜெபம் பண்ணணும்" என்று உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்பதாக இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊர் இதைக் கேட்டது: "ஊருக்கெல்லாம் கட்டில் செய்து தரும் சகோதரருக்கு, தன் வீட்டுக் கட்டிலின் உடைந்த காலைக் கவனிக்கும் மனதைத் தாரும். மூன்று வருஷமாக அந்தக் காலுக்குக் கீழே செங்கல் இருக்கிறது, ஆண்டவரே."

மத்தியானத்துக்குள் கட்டிலுக்குப் புதுக் கால் வந்துவிட்டது.

அவ்வளவுதான்! மறுநாள் போதகர் வீட்டு வாசலில் மில்லைவிட நீளமான வரிசை. பஞ்சர் கடைக்காரர், பக்கத்து வீட்டுச் சேவல் மூன்று மணிக்கே கூவாமல் இருக்க ஜெபம் கேட்டார். சேவல்காரர் சும்மா விடுவாரா? மழைக்காலத்தில் ஏணியை வாங்கிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தராத ஒரு சகோதரரின் மனக்கண் திறக்க வேண்டும் என்று அடுத்த நாள் கேட்டார். ஏணி வந்தது. சேவல் இடம் மாறியது. டீச்சர், வீட்டுப்பாடம் எழுதாத நாலு பிள்ளைகளுக்காக மன்றாடச் சொன்னார், அவர்களுடைய அப்பாக்களின் தொழிலைத் தெளிவாகக் குறிப்பிட்டு. தபால்காரர்கூட வந்தார். வீட்டு வாசலில் நாயைக் கட்டிப்போடாதவர்களுக்காக அவர் கேட்ட ஜெபம் ஏழு நிமிஷம் ஓடியது.

போதகருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "ஜனங்க திரண்டு வர்றாங்கன்னு மிஷனுக்கு எழுதிட்டேன்" என்றார் மனைவியிடம்.

"திரண்டுதான் வர்றாங்க. எதுக்கு வர்றாங்கன்னு எழுதினீங்களா?" என்றார் போதகரம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

மில்லில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மெஷினக்காவுக்கு ஒரு நாள் சிரிப்பு நின்றுவிட்டது. மில்லு வாசலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஸ்பீக்கரின் வாய் நேராகப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தையல் கடையைப் பார்த்து!

அடடா, இது தெரியாமல் போச்சே! ஒன்பது வருஷமாகத் தன்னால் சொல்ல முடியாததை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுமே இந்தக் குழாய். என் தங்கச்சி என்னோடு பேசணும், அதற்கு ஒரு ஜெபம். வேறொன்றும் வேண்டாம். காலையில் அவள் காதில் விழட்டும். கட்டில் கால் மாதிரி மத்தியானத்துக்குள் ஆகாவிட்டாலும் ஒரு வாரத்தில் ஆகாதா? அன்றைக்குச் சாயங்காலம் மெஷினை நிறுத்திவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, எதிர்வீட்டுக்குப் போனாள்.

முன்னறையில் விதை மூட்டை வைக்கிற பழைய மரத்தட்டுகளில் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். "கத்தரி", "வெண்டை" என்று பழைய சீட்டுகள் இன்னும் ஒட்டியிருந்தன. போதகர் நோட்டை விரித்துக்கொண்டார்.

"தங்கச்சி பேசணும், அவ்வளவுதானேம்மா? எதுல இருந்து பேச்சில்ல?"

"எங்கம்மா செத்த அன்னியில இருந்துங்கய்யா."

"என்ன ஆச்சு?"

ஊருக்குத் தெரிந்த கதையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அம்மா தங்கை வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஒரு நாள் சாயங்காலம் ரொம்ப முடியாமல் போக, அக்காவைக் கூட்டிவரச் சொல்லித் தங்கை பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பினாள். அந்தப் பெண் மில்லு வாசலில் நின்று கத்திச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். மெஷின் சத்தத்தில் மெஷினக்காவுக்குக் கேட்கவில்லை. அரைத்து முடித்து அவள் போனபோது அம்மா இல்லை. "அம்மா உசுரைவிட மாவு பெருசாப் போச்சா உனக்கு?" என்று தங்கை நாலு பேர் எதிரே கேட்டாள். "கேக்கலடி!" என்று இவள் கத்தினாள். வார்த்தை தடித்தது. கதை இவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் இவள் பக்கம்கூட இருந்தார்கள். மெஷின் சத்தத்தில் யாருக்குத்தான் கேட்கும்?

ஆனால் அந்த மனிதர் பேனாவைப் பிடித்தபடி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு வாரம் மிளகாய் ரொட்டி தின்ற முகம். அதைப் பார்த்து எப்படிப் பொய் சொல்வது?

"கேட்டுச்சுங்கய்யா" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"எனக்குக் கேட்டுச்சு. கேட்டதும் மெஷினை நிறுத்தினேன். வாசல் வரைக்கும் வந்துட்டேன். அந்தப் பொண்ணு அதுக்குள்ள போயிட்டா. திரும்பிப் பாத்தா தொட்டியில பாதி கோதுமை அப்படியே நிக்குது. அந்த வாரத்துல மூணு தடவ இப்படித்தான் கூப்பிட்டு அனுப்புனாங்க. மூணு தடவயும் ஓடுனேன், மூணு தடவயும் அம்மா எழுந்து உக்காந்துட்டாங்க. பத்து நிமிஷந்தானே, இதை இறக்கிட்டுப் போயிடலாம்னு மறுபடியும் சுவிட்சைப் போட்டுட்டேன். நான்தான் போட்டேன். யாரும் பாக்கல. கேக்கலன்னு அன்னிக்குச் சொன்ன பொய்தான், ஒம்பது வருஷமா அதையே சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

சொல்லி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் பார்த்தாள். பேனா நோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஐயையோ! குடி முழுகிப் போச்சு. எழுதாதீர்கள் என்று சொல்வதற்குள் அவர் கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கிவிட்டார். அந்த நேரம் குறுக்கே பேச முடியுமா? முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலையில மறுபடியும் ஜெபிப்போம்மா" என்றார். மெஷினக்கா தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவளுக்கு அடுப்புப் பற்ற வைக்கவும் கை வரவில்லை. "கூப்பிட்ட சத்தம் கேட்டும் போகாத சகோதரி" என்று காலையில் ஊர் முழுக்க முழங்கப் போகிறது. அப்புறம் இந்தத் தெருவில் தலைகாட்ட முடியுமா? தங்கை இந்த ஜென்மத்தில் முகத்தில் விழிப்பாளா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று தெருவைக் கடந்து போதகர் வீட்டு வாசல் வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். மறுபடியும் திரும்பி வந்தாள். கூப்பிட்டுச் சொல்ல ஒரு வார்த்தைதான். ஏன் சொல்லாமல் வந்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

காலையில் ஐந்தே முக்காலுக்கு அவள் மில்லில் இருந்தாள், சுவிட்சில் கை வைத்துக்கொண்டு. ஸ்பீக்கர் வாயைத் திறந்ததும் மெஷினைப் போட்டுவிடுவது என்று திட்டம். தானியம் இல்லாமல் வெறும் கல் ஓடினால் கல்லுக்குக் கேடுதான். போனால் போகட்டும், கல் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

ஆறு அடித்தது. ஆறு ஐந்து ஆனது. வழக்கமாகப் பாட்டுக்கு முன்னால் ஸ்பீக்கர் இரண்டு முறை இருமும். அதுவும் இல்லை. ஆறு பத்து. பஞ்சர் கடைக்காரர் பல் குச்சியோடு வெளியே வந்து மேலே பார்த்தார். டீச்சர் வாசலுக்கு வந்தார். இன்றைக்கு யார் மாட்டப் போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஊர், ஏமாந்துபோய்த் தெருவுக்கு வந்தது. போதகர் ஏணியில் ஏறி ஒயரை இழுத்துப் பார்த்தார், இறங்கி வந்து ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

போதகரம்மா ஒரு காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குள் வந்தார். பின்னாலேயே கதவை ஒருக்களித்துச் சாத்தினார். இடுப்பு முடிச்சிலிருந்து ஸ்பீக்கர் பெட்டியின் சின்னக் கண்ணாடி ஃப்யூஸை எடுத்து மெஷினக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"நேத்து நீங்க பேசினது சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சுக்கா. அவருக்குத் தெரியாது. அவரு எல்லாத்தையும் ஆண்டவருக்குச் சொல்றதாத்தான் நினைச்சுட்டிருக்காரு."

உயிர் போய் உயிர் வந்தது மெஷினக்காவுக்கு. அப்படியே கோணிமேல் உட்கார்ந்தாள். கும்பிடலாமா, கட்டிப்பிடிக்கலாமா என்று பார்த்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஏன் எடுத்தீங்க?"

போதகரம்மா திகைத்தார்.

"ஏன் எடுத்தீங்கன்னு கேக்கறேன்! அவர் சொல்லியிருப்பாரு. இந்நேரம் அவ காதுல விழுந்திருக்கும். திட்டியிருப்பா, காறித் துப்பியிருப்பா, ஆனா முடிஞ்சிருக்கும். இப்ப இன்னும் ஒம்பது வருஷம் நான் எங்க போவேன்?" கண்ணீர் கன்னத்து மாவில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. இதற்காகத்தான் நேற்று இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பி வந்தோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

போதகரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க தங்கச்சிதானேக்கா? ரெண்டு தெரு தள்ளி இருக்கா. அவகிட்ட சொல்றதுக்கு வானத்துக்குப் போயி, குழாய் வழியா இறங்கி வரணுமா?"

"மிஷன்காரங்க பேசுற பேச்சா இது?" என்றாள் மெஷினக்கா, மூக்கைச் சிந்திக்கொண்டு.

"நான் மிஷன்காரர் பெண்டாட்டி. எனக்கு எல்லாம் பேசலாம். எழுந்திருங்க."

அந்த ஃப்யூஸ் எங்கே போனது என்று போதகர் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார். புது ஃப்யூஸ் வாங்கக் கூடாதா என்றால், டவுனுக்குப் போகும்போதெல்லாம் அவர் மனைவி அதை மட்டும் சீட்டில் எழுத மறந்துவிடுகிறார். ஜெபம் இப்போது வீட்டுக்குள் நடக்கிறது. வேண்டியவர்கள் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கிறார்கள். வரிசை குறைந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் போன வாரம் தபால்காரர் போய் உட்கார்ந்திருந்தார்.

அது கிடக்கட்டும். மெஷினக்கா அன்றைக்குத் தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல், மாவுக் கையோடு நடந்தாள். எதிர்ச்சாரியில் அல்ல. தையல் கடை அப்போதுதான் திறந்திருந்தது. தங்கை தரையில் துணியை விரித்து, முட்டி போட்டுச் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழவும் நிமிர்ந்தாள். பார்த்தாள். சுண்ணக்கட்டி கையிலேயே நின்றது.

மெஷினக்கா உள்ளே போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சுடி. கேக்கலன்னு சொன்னது பொய். மெஷினை நிறுத்திட்டு, மறுபடியும் நான்தான் போட்டேன்."

தங்கை சுண்ணக்கட்டியைத் துணிமேல் வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"நீ மெஷினை நிறுத்தினது எங்க வீட்ல கேக்காதா? சத்தம் நின்னுச்சு. அம்மா கண்ணத் திறந்தாங்க. 'பெரியவ கிளம்பிட்டா'ன்னாங்க. சிரிச்சாங்க. 'தலைமாட்டுல இடம் விடு, அவ உக்காரட்டும்'னாங்க." அவள் குரல் அறுந்தது. "அவ்வளவுதான்க்கா. அப்படியே போயிட்டாங்க. அதுக்கப்புறம்தான் மறுபடியும் மெஷின் ஓடுன சத்தம் வந்துச்சு. நான் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரம்..."

மெஷினக்கா நிலையை விட்டுவிட்டாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நீ ஓடி வந்திருந்தாலும் ஆள் இருந்திருக்காது. அது எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் உன்னை ஊரெதிர்ல கேட்டேன். ஒம்பது வருஷமா அதைச் சொல்லாம உன்னைக் குற்றவாளியாவே வச்சிருந்தேன். நீ வந்து உண்மையச் சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்னு வீம்பு எனக்கு."

"மறுபடியும் ஓடுனது..." மெஷினக்கா தலையை நிமிர்த்தினாள். "மறுபடியும் நான் போட்டது, அம்மாவுக்கு..."

"கேக்கலக்கா" என்றாள் தங்கை. "அம்மாவுக்குக் கேக்கல. நீ வந்துக்கிட்டிருக்கேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனாங்க."

மெஷினக்கா அழுதாள். தங்கை துணியைத் தள்ளிவிட்டுத் தவழ்ந்தே வாசலுக்கு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஒருத்தி புடவையெல்லாம் மாவு, ஒருத்தி கையெல்லாம் சுண்ணாம்பு. பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேறு பக்கம் பார்க்க ரொம்பக் கஷ்டப்பட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் போதகர் வீட்டுச் சின்னப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தது. "ஆன்ட்டி, மில்லுல ஒம்பது பேரு டப்பாவோட நிக்கறாங்க. எப்ப வருவீங்கன்னு கேக்கறாங்க."

மெஷினக்கா தங்கையின் தோளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நிக்கட்டும்" என்றாள்.